தனிநபர் தரவு: கொடுத்தது எதற்கோ, அதற்கு மட்டும்

உங்கள் கணக்கை வேறு யாரும் திருடிவிடாமல் இருக்க போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள் என்று ட்விட்டர் நிறுவனம் கேட்டது. நியாயமாகத்தானே கேட்கிறார்கள் என்று மக்களும் கொடுத்தார்கள். 2013 முதல் 2019 வரை 14 கோடிக்கும் மேற்பட்டோர் இப்படி நம்பரையோ மின்னஞ்சல் முகவரியையோ கொடுத்திருந்தார்கள். நிறுவனம் அவற்றை எடுத்து, யாருக்கு எந்த விளம்பரத்தைக் காட்டலாம் என்று பொருத்திப் பார்க்கவும் பயன்படுத்திக்கொண்டது. 2022 மே மாதம், அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் தொடுத்த வழக்கில் 15 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

இந்தக் கதையில் யாரும் சர்வருக்குள் திருட்டுத்தனமாக நுழையவில்லை. ஒரு நம்பர்கூட வெளியே கசியவில்லை. ஆனாலும் தனியுரிமை மீறப்பட்டது. தனிநபர் தரவு பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள வருபவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். தரவைப் பூட்டி வைப்பது ஒரு வேலை. அதை எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்துவது வேறொரு வேலை. நிறுவனங்கள் முதல் வேலைக்கு ஆளும் பணமும் ஒதுக்கிவிட்டு, இரண்டாவதையும் சேர்த்தே முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கின்றன.

பெயரை நீக்கினால் போதுமா?

ஒரு குறிப்பிட்ட ஆளைச் சுட்டிக்காட்டக்கூடிய எந்தத் தகவலும் தனிநபர் தரவுதான். பெயர், முகவரி, அடையாள எண், முகம், குரல், கைரேகை எல்லாம் எளிதில் புரிந்துவிடும். சிக்கல், தனியாகப் பார்த்தால் யாரையும் காட்டிக்கொடுக்காத தகவல்களில்தான் இருக்கிறது. அவை ஒன்று சேரும்போது ஆளைப் பிடித்துக் கொடுத்துவிடும்.

1990களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவச் சிகிச்சை விவரங்களை ஆய்வாளர்களுக்காக வெளியிட்டார்கள். பெயரும் முகவரியும் நீக்கப்பட்டிருந்ததால் யாருக்கும் ஆபத்தில்லை என்று அரசு சொன்னது. அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி அதை நம்பவில்லை. 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். மருத்துவக் கோப்பில் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் இருந்தன. வாக்காளர் பட்டியலிலும் அதே மூன்றும் இருந்தன, கூடவே பெயரும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அந்த மாநிலத்தின் ஆளுநருடைய மருத்துவக் குறிப்பையே கண்டுபிடித்துவிட்டார். 2000ஆம் ஆண்டில் அவர் போட்ட கணக்குப்படி, அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரை இந்த மூன்று விவரங்களை வைத்தே தனித்து அடையாளம் காணலாம். பின்னால் வந்த ஓர் ஆய்வு அதை 63 சதவீதம் என்று குறைத்துச் சொன்னது. அப்படியே வைத்துக்கொண்டாலும் பாதிக்கு மேல்!

2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் இதே பாடத்தை இன்னொரு விதமாகக் கற்றுக்கொண்டது. சுமார் 6.5 லட்சம் பயனர்கள் தேடிய 2 கோடி தேடல்களை ஆராய்ச்சிக்காக வெளியிட்டது. பெயர்களுக்குப் பதிலாக வெறும் எண்கள். ஆனால் ஒருவர் என்ன தேடுகிறார் என்பது அவர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறது: தன் ஊரில் தோட்ட வேலைக்கு ஆள், தன் குடும்பப் பெயர் கொண்டவர்கள், தன் வயதினருக்கான துணை, தன் உடம்பில் வந்த தொந்தரவு. சில நாட்களிலேயே பத்திரிகையாளர்கள் அந்த எண்களில் ஒன்றின் பின்னால் இருந்த 62 வயதுப் பெண்மணியின் வீட்டுக்கே போய்விட்டார்கள்.

ஆகவே பெயருக்குப் பதில் எண் போட்டுவிட்டோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால், அது அடையாளத்தைத் திரையிட்டு வைத்திருக்கிறது, அவ்வளவுதான். வேறொரு பட்டியல் கையில் இருப்பவர் அந்தத் திரையை விலக்கிவிடலாம். ஐரோப்பியச் சட்டம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகவே பார்க்கிறது. திரும்ப ஆளோடு இணைக்க முடியும் என்றால் அது இன்னமும் தனிநபர் தரவுதான், எல்லா விதிகளும் அதற்குப் பொருந்தும்.

வாங்காத தரவு கசியாது

நிறுவனங்களுக்கு நான் ஒரே ஒரு யோசனை சொல்லலாம் என்றால் அது விலையுயர்ந்த மென்பொருளைப் பற்றியதாக இருக்காது. குறைவாக வாங்குங்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள் என்பதே அது.

படிவம் வடிவமைக்கும் கூட்டங்களில் ஒரு வழக்கமான வாக்கியம் காதில் விழும்: 'இதையும் கேட்டு வைப்போமே, பின்னால் எதற்காவது உதவும்.' பிறந்த தேதி, திருமண நிலை, வீட்டு முகவரி, மாற்றுத் தொலைபேசி எண் எல்லாம் இப்படித்தான் படிவத்தில் ஏறிக்கொள்கின்றன. செய்திமடல் அனுப்ப மின்னஞ்சல் முகவரி போதும். பதினெட்டு வயது நிரம்பியவரா என்று தெரிய வேண்டுமானால் அதை மட்டும் கேட்கலாம். பிறந்த நாள், மாதம், ஆண்டு தேவையில்லை.

2007இல் பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். குழந்தைகளுக்கான உதவித்தொகை பெறும் குடும்பங்களின் விவரங்களை வரித்துறை இரண்டு குறுந்தகடுகளில் பதிவு செய்து, தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்பியது. தகடுகள் வழியில் தொலைந்துபோயின. 2.5 கோடிப் பேரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, பல குடும்பங்களின் வங்கிக் கணக்கு விவரம் உட்பட எல்லாம் அதில் இருந்தன. கடவுச்சொல் இருந்தது, ஆனால் கோப்பு குறியாக்கம் செய்யப்படவில்லை, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றப்படவில்லை. இதில் வேதனையான பகுதி வேறொன்று. வங்கி விவரம் போன்றவை தங்களுக்கு வேண்டாம், நீக்கிவிட்டு அனுப்புங்கள் என்று தணிக்கையாளர்கள் முன்பே கேட்டிருந்தார்கள். அப்படிப் பிரித்தெடுக்கக் கூடுதல் செலவாகும் என்பதால் முழுவதையும் அப்படியே அனுப்பிவிட்டார்கள்.

சிங்கப்பூர் 2019 செப்டம்பர் 1 முதல் ஒரு கடுமையான வழியை எடுத்தது. சட்டம் கேட்டாலோ, ஆளைத் துல்லியமாக உறுதிசெய்தே தீர வேண்டும் என்றாலோ தவிர, தனியார் நிறுவனங்கள் தேசிய அடையாள எண்ணை வாங்கக் கூடாது. பரிசுக் குலுக்கலுக்கும் உறுப்பினர் அட்டைக்கும் அடையாள எண்ணைக் கேட்டு வாங்கும் பழக்கத்துக்கு அதோடு தடை வந்தது. மாற்ற முடியாத எண்ணை இத்தனை இடங்களில் விட்டுவைத்தால், ஓரிடத்தில் கசிந்தாலே வாழ்நாள் முழுக்கத் தொல்லைதான். கடவுச்சொல்லை மாற்றலாம், பிறந்த தேதியையும் கைரேகையையும் எப்படி மாற்றுவது?

அழிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. வேலைக்கு விண்ணப்பித்துத் தேர்வாகாதவர்களின் சுயவிவரம், மூடிய கணக்குகளின் கோப்பு, என்றோ முடிந்த போட்டியில் கலந்துகொண்டவர்களின் பட்டியல் எல்லாம் எத்தனை ஆண்டுகள் கிடக்கின்றன என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். யாருக்கும் தெரியாது. வரி, கணக்கு போன்றவற்றுக்குச் சட்டம் சொல்லும் கால அளவு உண்டு, சரி. மற்றவற்றுக்கு நிறுவனமே ஒரு காலக்கெடு எழுதிவைத்து, அது வந்ததும் அழிக்க வேண்டும். அழிக்கும்போது காப்புப் பிரதிகளையும் ஊழியர்களின் மடிக்கணினிகளையும் மறந்துவிடக் கூடாது.

கசிவுகள் உண்மையில் எப்படி நடக்கின்றன

இருட்டறையில் முகமூடி போட்டுக்கொண்டு தட்டச்சு செய்யும் ஹேக்கரின் படத்தைத்தான் தரவுக் கசிவு பற்றிய செய்திகளில் எப்போதும் போடுகிறார்கள். அப்படிப்பட்ட தாக்குதல்களும் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஒரு சாதாரண அலுவலகம் பயப்பட வேண்டியது எக்செல் கோப்புக்கும் 'அனுப்பு' பொத்தானுக்கும்.

லண்டனில் எச்ஐவி சிகிச்சை அளிக்கும் 56 டீன் ஸ்ட்ரீட் என்ற மருத்துவ நிலையம் 2015இல் சுமார் 780 பேருக்குச் செய்திமடல் அனுப்பியது. முகவரிகளை, பெறுபவர்கள் ஒருவர் முகவரியை ஒருவர் பார்க்க முடியாத பிசிசி கட்டத்தில் போடுவதற்குப் பதிலாக, 'பெறுநர்' கட்டத்தில் போட்டுவிட்டார்கள். பெற்றவர்கள் அனைவருக்கும் மற்ற அனைவரின் மின்னஞ்சல் முகவரியும் தெரிந்துவிட்டது. பெரும்பாலானவற்றில் முழுப் பெயரே இருந்தது. அடுத்த ஆண்டு அதை நடத்திய மருத்துவ அறக்கட்டளைக்கு 1.8 லட்சம் பவுண்டு அபராதம். தவறு செய்தது ஒரு ஊழியரின் விரல்தான் என்றாலும், தவறே செய்ய முடியாதபடி மொத்த அஞ்சல் அனுப்பும் சேவையைப் பயன்படுத்தாதது நிர்வாகத்தின் குறை.

2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறைக்கு நடந்தது இதைவிட மோசம். எந்தப் பதவியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தகவல் அறியும் உரிமையின் கீழ் ஒருவர் கேட்டிருந்தார். பதிலாக அனுப்பிய விரிதாளில் எண்ணிக்கை மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குள் மறைத்து வைத்திருந்த இன்னொரு தாளில், பணியில் இருந்த 9,483 பேரின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பணி எல்லாம் இருந்தன. அது இணையத்திலும் ஏறிவிட்டது. காவலர் என்று தெரிந்தாலே உயிருக்கு ஆபத்து இருக்கும் இடம் அது. அக்கம்பக்கத்தாரிடம்கூடத் தங்கள் வேலையைச் சொல்லாதவர்கள் பலர். 2024இல் 7.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார்கள்.

இந்த இரண்டையும் தடுக்கச் செய்ய வேண்டியது என்ன? வெளியே போகும் கோப்பில் எண்ணிக்கை மட்டும் போதும் என்றால், அந்த எண்களைப் புதிய கோப்பில் தட்டச்சு செய்து அனுப்புவது. மூலக் கோப்பைத் தொடவே கூடாது. பலருக்கு அஞ்சல் அனுப்பும் முன் இன்னொருவர் பார்ப்பது. யாருக்கு எந்தக் கோப்பைத் திறக்க அனுமதி என்று வரையறுப்பது. வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை அன்றே நீக்குவது. மடிக்கணினியையும் பென் டிரைவையும் குறியாக்கம் செய்து வைப்பது. மென்பொருளுக்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் போடுவது. 2017இல் மக்களின் கடன் வரலாற்றைத் திரட்டி வைக்கும் ஈக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் போனதற்குக் காரணம், மாதக்கணக்கில் போடாமல் விட்டுவைத்த ஒரு திருத்தம்தான்.

அப்படியும் கசிந்துவிட்டால் மூடி மறைக்கக் கூடாது. ஐரோப்பியச் சட்டப்படி, மக்களுக்கு ஆபத்து நேரக்கூடிய கசிவு என்றால், தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்லியாக வேண்டும். ஆபத்து பெரிது என்றால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் எப்படி எழுதப்படுகிறது என்பதில் நிறுவனத்தின் குணம் தெரிந்துவிடும். 'சில தகவல்கள் அணுகப்பட்டிருக்க வாய்ப்புண்டு' என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. எந்தத் தகவல், எப்போது, இனி நீங்கள் எதை மாற்ற வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று எழுதினால் படிப்பவர் உடனே வேலையில் இறங்கலாம்.

'ஏற்கிறேன்' என்ற பொத்தான்

தனியுரிமையின் அடித்தளம் ஒப்புதல் என்று சொல்லித் தருகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பல பக்கம் நீளும் கொள்கை அறிக்கையை யாரும் படிப்பதில்லை. நிறுவனத்துக்கும் அது தெரியும். படிக்காமல் அழுத்திய பொத்தானை வைத்து எல்லாப் பொறுப்பையும் பயனர் தலையில் கட்டுவது நேர்மையாகாது.

ஒப்புதல் உண்மையானதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு: மறுப்பதும் அதே அளவு சுலபமா? பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது இதற்குத்தான். குக்கிகளை, அதாவது நம்மை அடையாளம் வைத்துக்கொள்ள இணையதளங்கள் நம் கருவியில் போட்டுவைக்கும் சிறு கோப்புகளை, ஏற்க ஒரு கிளிக் போதும். மறுக்கப் பல கிளிக் தேவைப்பட்டது. முன்கூட்டியே டிக் செய்து வைத்த கட்டங்களும் இதே ரகம்தான். வேலைக்காரரிடம் முதலாளி வாங்கும் ஒப்புதலையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். மறுத்தால் வேலை போகுமோ என்று பயப்படுபவர் சொல்லும் 'சரி'க்கு என்ன மதிப்பு?

ஒப்புதல் மட்டுமே தரவைக் கையாளக் காரணமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சம்பளம் போட வங்கிக் கணக்கு எண் வேண்டும், பொருளை அனுப்ப முகவரி வேண்டும். இவற்றுக்கு ஒப்பந்தமே போதுமான காரணம். இங்கே தேவையில்லாமல் ஒப்புதல் படிவம் நீட்டுவது மக்களைக் குழப்பத்தான் செய்யும்.

சட்டம் எங்கிருந்து வந்தது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 1970இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸ மாநிலத்தில் வந்தது. நாடு முழுமைக்குமான முதல் சட்டம் 1973இல் சுவீடனில். நாடுகளைக் கட்டுப்படுத்தும் முதல் சர்வதேச உடன்படிக்கை 1981 ஜனவரி 28 அன்று ஐரோப்பிய மன்றத்தில் கையெழுத்துக்கு வந்ததால், அந்த நாள்தான் தரவுப் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஜிடிபிஆர் எனப்படும் ஐரோப்பியச் சட்டம் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. மோசமான மீறலுக்கு உலகளாவிய ஆண்டு வருமானத்தில் 4 சதவீதம் அல்லது 2 கோடி யூரோ, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் போடலாம். மலேசியா 2010இலும் சிங்கப்பூர் 2012இலும் இலங்கை 2022இலும் இந்தியா 2023இலும் தங்கள் சட்டங்களை இயற்றின.

சட்டத்தோடு ஒரு கண்காணிப்பு அமைப்பும் பெரும்பாலும் வருகிறது. அபராதம் போடும்போதுதான் அதன் பெயர் செய்தியில் வருகிறது. அன்றாடம் அது செய்வது வேறு: சிறு நிறுவனங்களுக்கு மாதிரிப் படிவமும் கையேடும் தருவது, பயிற்சி நடத்துவது, புகார்களை விசாரித்துச் சமரசம் செய்வது. பெரிய நிறுவனங்களிடம் வழக்கறிஞர் படையே இருக்கும். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு இந்தக் கையேடுகள்தான் துணை. இலவசமாகக் கிடைக்கிறது; எடுத்துப் படிக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

நம் பக்கம் செய்ய வேண்டியவை

பொதுமக்களுக்கான அறிவுரைப் பட்டியல்கள் நீளமானவை. படித்தவுடன் சோர்வு வந்துவிடும். எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுபவை சில.

முதலாவது, கேள்வி கேட்பது. 'இது எதற்கு வேண்டும்? கொடுக்காவிட்டால் என்ன ஆகும்?' இந்த இரண்டைக் கேட்டாலே பல சமயம், 'பரவாயில்லை, விட்டுவிடுங்கள்' என்ற பதில் வரும். படிவத்தில் நட்சத்திரக் குறி இல்லாத கட்டத்தைக் காலியாக விடலாம். அடையாள அட்டை நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று நகலின் குறுக்கே எழுதிக் கொடுங்கள். வேறொரு காரியத்துக்கு அந்த நகலைப் பயன்படுத்துவது கடினமாகிவிடும்.

போனில் ஒவ்வொரு செயலிக்கும் என்ன அனுமதி இருக்கிறது என்று அமைப்புகளில் போய்ப் பாருங்கள். டார்ச் செயலிக்கு உங்கள் இருப்பிடம் எதற்கு? இருப்பிடம் தேவைப்படும் செயலிக்கும் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று வைக்கலாம். தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி கேட்டால் கொஞ்சம் கூடுதலாக யோசியுங்கள். அதில் இருப்பவை உங்கள் தரவு மட்டுமில்லை, உங்களை நம்பி நம்பர் கொடுத்தவர்களின் தரவும்கூட. அவர்கள் யாரும் அந்தச் செயலிக்குச் சரி என்று சொல்லவில்லை. குழந்தைகளின் படங்களைப் பகிர்வதும் அப்படித்தான். அவர்கள் வளர்ந்து கருத்துச் சொல்லும் வயது வருவதற்குள் ஆயிரம் படங்கள் வெளியே போயிருக்கும்.

ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு கடவுச்சொல், முக்கியமான கணக்குகளுக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு. இவை கேட்டுக் கேட்டுப் புளித்த அறிவுரைகள்தான், ஆனாலும் வேலை செய்கின்றன. ஓரிடத்தில் கசிந்த கடவுச்சொல்லை வேறு நூறு இடங்களில் போட்டுப் பார்ப்பதுதான் திருடர்களின் முதல் வேலை. அப்புறம், பயன்படுத்தாத பழைய கணக்குகளை மூடிவிடுங்கள். செயலியை நீக்கினால் கணக்கு நீங்கிவிடாது. உள்ளே போய் 'கணக்கை அழி' என்பதைத் தேடி அழுத்த வேண்டும்.

கடைசியாக, பலரும் பயன்படுத்தாத ஒன்று: உரிமை. பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள், ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறது என்று கேட்கவும், தவறு இருந்தால் திருத்தச் சொல்லவும் உரிமை தருகின்றன. பல இடங்களில், தேவை முடிந்ததும் அழிக்கச் சொல்லவும் முடியும். நிறுவனத்தின் தளத்தில் தரவுப் பாதுகாப்பு அதிகாரியின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். நான்கு வரி போதும்: நீங்கள் யார், எந்தக் கணக்கு, என்ன வேண்டும், எப்போதுக்குள். ஐரோப்பாவில் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். மற்ற நாடுகளில் கெடு மாறும். போனில் பேசுவதைவிட எழுத்தில் கேட்பது நல்லது. அனுப்பிய அஞ்சலையும் வந்த பதிலையும் பத்திரமாக வைத்திருங்கள். பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், கண்காணிப்பு அமைப்பிடம் புகார் செய்யும்போது அவர்கள் முதலில் கேட்கப்போவது, 'நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டீர்களா, எந்தத் தேதியில்?' என்பதைத்தான்.